கிணற்றுப் பரணி

ஆயிரம் யானை கொன்றவனுக்குப் பரணி பாடுவது
நம் பக்கத்து வழக்கம்.
மெர்வ் நகரத்துக்கு இப்பால், தந்தனகான் மணலில்
யானைகளைச் சாய்த்தது வாளில்லை.
ஆகவே இது
பொஸான் என்கிற ஒட்டகக்காரனுக்கு.
அவன் கையில் இருந்தது ஒரு மண்வெட்டி,
அதுவும் இரவல்.

நம் கணக்கில் வைகாசி.
கஸ்னிப் படை துரத்துகிறது,
துருக்மான்கள் ஓடுகிறார்கள்,
ஓடும் வழியெல்லாம் கிணறுகளைத் தூர்த்தபடி.
பொஸான் பங்குக்கு ஏழு.
முதலாவதில் மணல்.
அடுத்ததில் மணலும் முள்ளும்.
மூன்றாவது பிடிவாதக்காரி:
கொட்டக் கொட்ட ஈரம் மேலேறி வந்தது.
"செத்த ஒட்டகம் ஏதாவது தள்ளு" என்றான் குழுத்தலைவன்.
இருந்த ஒட்டகம் சாகவில்லை.
கால் ஒடிந்திருந்தது, அவ்வளவுதான்.
ஐந்து குளிர்காலம் அவன் பிள்ளைகளைச் சுமந்த பெட்டை.
விழுந்த சத்தம்
அவன் நினைத்ததைவிடத் தாமதமாகக் கேட்டது.
மீதி நான்கையும் எப்படி மூடினான் என்று
அவனுக்கே நினைவில்லை.

பின்னால் வந்தது பேரரசு.
சம்பளப் பேரேடு, பட்டுக் கொடி,
சிந்துவுக்கு அப்பாலிருந்து நடந்தே வந்த யானைகள்,
கழுத்தில் வியர்வை உப்பாய்ப் பூத்த பாகர்கள்.
முதல் கிணறு.
இரண்டாவது கிணற்றில் ஒரு யானை
தும்பிக்கையை விட்டுத் துழாவித் துழாவி
கடைசியில் மண்ணை வாரித்
தன் தலையில் தானே போட்டுக்கொண்டது.
பாகன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்தது.
மூன்றாவதை நாற்றமே காட்டிக் கொடுத்தது.

கோட்டைக்குள் நான்கு கிணறு உண்டு.
ரொட்டி சுடும் மாஹக்
மதிலிலிருந்து ஜாடிகளைக் கயிற்றில் இறக்கினாள்.
ஜாடிக்கு மனிதன் பொறுப்பான், குதிரை எப்படிப் பொறுக்கும்?
மேலே வந்த ஒரு கயிற்றில் இரத்தம்.
பகைவன் யாருடையதும் அல்ல,
குடித்தவனும் குடிக்காதவனும் போட்ட சண்டை.
"ஐந்து காதத்தில் குளம் இருக்கிறதாம்."
யார் சொன்னது, தெரியாது.
அணி அப்போதே கலைந்துவிட்டது;
அதற்குப் பிறகு நடந்ததைத்தான்
போர் என்று எழுதி வைத்தார்கள்.

உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை.
காலையில் சுல்தானுக்கு வாழ்த்துச் சொன்ன குதிரைவீரர்கள்
நண்பகலில் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.
அந்தப் பக்கத்துத் தோல்பைகள் நனைந்திருந்தன.

நம் ஊர்ப் பேய்களும் கூழ் அட வந்தனவாம் களத்துக்கு.
தலைகளை அடுப்பாக்கின,
பற்களை அரிசியாக்கின,
உலை வைக்கத் தண்ணீர் இல்லாமல்
பசியோடு திரும்பிப் போயின.

சாயங்காலம் கூடாரம் அடித்து அரியணை போட்டார்கள்.
நாலு திசைக்கும் கடிதம் புறப்பட்டது.
ஒரு நாள் பாக்தாத் அவர்கள் கைக்கு வரும்,
அதற்கும் மேற்கே ரோமரின் மலைகளும் வரும்.
அன்றைக்கு ஆனால்
வென்ற குதிரைகளுக்கும் தாகம்.
"தூர்த்தது நீதானே, இடம் உனக்குத்தான் தெரியும்."
அதே மண்வெட்டி.
மூன்றாவதைக் கடைசிக்கு வைத்தான்.

விடியும்போது, ஆளுயர ஆழத்தில்
மண்வெட்டி ரோமத்தைத் தொட்டது.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
விளிம்பில் வந்து நின்றாள் மாஹக், தோளில் கயிற்றுச் சுருள்.
இழுக்க உதவினால் ஒரு வெள்ளிக்காசு என்றாள்,
அரைகுறைத் துருக்கியில்.
அவனிடம் இல்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கயிற்றைப் போட்டாள்.
"வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில்
யார் பெயரைச் சொல்லுவார்கள்?"

பொஸான் பதில் சொல்லவில்லை.
குழிக்குள் குனிந்து, விரல்களால் மணலை விலக்கி
ஒடிந்த கால் எது என்று தேடிக்கொண்டிருந்தான்,
அதில் மட்டும் கயிற்றைக் கட்டிவிடக் கூடாது என்று.